பிள்ளை வளர்ப்பும் தேவ அதிகாரமும்

தமிழ் எழுத்திலே முதன்முதல் அச்சேறிய நூல் யாது என்று வினவினால், திருக்குறள் என்பாரும் உளர். ஆத்திசூடி என்பாரும் உளர். இரண்டும் அல்ல. 1578-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கொல்லம் பட்டினத்திலே அச்சிடப்பெற்ற ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்கச் சிறு நூலே அது. அதனைத் தமிழிற் செய்தவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்னும் போர்த்துகேசியப் பாதிரியார். நம்மவர் அவரை அண்டிரிக் அடிகளார் என்பர். மறு ஆண்டு, 1579-இல், கொச்சியிலே அவரே ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்னும் பெரிய நூலொன்றையும் வெளியிட்டார். இவை காவியங்களல்ல, இலக்கணங்களுமல்ல. இறைவன் யார், மனிதன் அவனுக்கு எவ்வாறு கடமைப்பட்டவன் என்பதைப் புதிதாய் மதம் புக்கோர்க்குச் சொல்லிவைக்கும் ஞானோபதேச நூல்கள். பின்னதன் மூலம் மார்க்கோஸ் ஜோர்ஜ் என்னும் பாதிரியார் போர்த்துகேசிய மொழியிலே சிறுவர்க்குக் கற்பிப்பதற்கென்றே வினாவும் விடையுமாக யாத்தது. ஆகவே, நம் மொழியில் அச்சுக்கலை கண்விழித்தபோது, அதன் மடியிலே முதலிற் கிடந்தது பிள்ளைப் பாடம் என்று சொன்னால் அது மிகையாகாது. இதனைப் பெருமை என்று கொள்வார் கொள்க. நாம் வியப்பென்றே கொள்கிறோம்.

இவ்வாராய்ச்சியில் நாம் புகுந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். நாம் வார நாட்களிலே கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாய்ச் செக்ரோல் எழுதுகிறவர். குடும்பமோ சாலாக் செலாத்தானிலே. ஞாயிறுதோறும் பிரிக்பீல்ட்ஸுக்குக் கோவிலுக்குச் செல்வது வழக்கம். அங்கே ஆராதனை முடிந்தபின் தேநீர்க் கோப்பையும் கையுமாய் நின்ற பெரியவரொருவர், இக்காலத்துப் பிள்ளைகள் அடங்குவதில்லை என்று நெடுநேரம் வருந்தினார். தேவ அதிகாரத்தின்மேல் வீட்டைக் கட்டாததே காரணம் என்று முடித்தார். சுற்றி நின்றோர் எல்லாரும் தலையசைத்தனர், நாமும் அசைத்தோம். இரயிலில் வீடு திரும்புகையில்தான் ஐயம் பிறந்தது. அடங்குதல் யாருக்கு? தேவனுக்கா, தகப்பனுக்கா? இவ்விரண்டும் ஒன்றென்றே நம் முன்னோர் எக்காலத்தும் கொண்டிருந்தனரா?

இல்லை என்பதே சரித்திரம் தரும் விடை. அதிலும் தொடக்கமே விபரீதமானது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1535 முதல் 1537 வரையிற் பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றனர். அராபிய வணிகரோடு மூண்ட பகையில் போர்த்துகேசியரின் துணையை நாடியதே அதற்கு உடனடிக் காரணம். ஞானஸ்நானம் ஆயிற்று, போதனை ஆகவில்லை. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அக்கரைக்கு வந்தபோது, பெயர் மாத்திரம் மாறிய ஊர்களையே கண்டார். அவருக்குத் தமிழ் வாராது. சிலரை வைத்துக்கொண்டு மன்றாட்டுகளைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து, சிறுவரைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் வீட்டுக்குப் போய்த் தாய்தந்தையர்க்கும் அயலார்க்கும் கற்பிக்கவேண்டும் என்பது அவர் கட்டளை. நோயாளிகள் அழைத்தால் தாம் போக நேரமில்லாதபோது சிறுவரையே ஜெபம் சொல்ல அனுப்பினார்.

இம்மட்டோடு நின்றிருந்தால் அழகிய காட்சிதான். ஆனால் அவர் 1544-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்திலே மகிழ்ச்சியோடு குறிப்பிடும் வேறொரு செய்தியும் உண்டு. பெற்றோர் மறைவாய்ப் பழைய தெய்வங்களை வணங்கினால், பிள்ளைகள் அவர்களைக் கடிந்துகொண்டு, தம்மிடம் வந்து அறிவிக்கிறார்கள் என்பதும், அவர்களோடு சென்று அவ்வுருவங்களை உடைப்பிக்கிறார் என்பதும் அச்செய்தி. தந்தைக்கு எதிரே மகன் சாட்சி. தாய் கும்பிட்ட உருவத்தைக் காலால் மிதிப்பவன் மகன். சவேரியாரின் தியாகத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. வெயிலிலும் மணலிலும் அவர் பட்ட பாட்டை மறுப்பவர் எவருமிலர். எனினும், தேவ அதிகாரம் என்னும் பெயர் தமிழர் வீட்டுக்குள் முதன்முதல் நுழைந்தபோது, அது தகப்பனின் கையை வலுப்படுத்த வரவில்லை, அவன் கையிலிருந்ததைப் பறிக்கவே வந்தது என்பதைச் சொல்லாமல் விடலாகாது. பிரிக்பீல்ட்ஸ் பெரியவர் இதனைக் கேட்டால் என்ன சொல்வாரோ அறியோம்.

சவேரியார் 1545-இல் நம் மலாக்காவுக்கும் வந்தார் என்பது நேயர்கள் அறிந்ததே. அது நிற்க.

அடுத்த காட்சி தரங்கம்பாடி. 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் சீகன்பால்கு, புளுச்சாவ் என்னும் இரு ஜெர்மானிய இளைஞர் டென்மார்க்கு அரசரின் ஆதரவில் அங்கே வந்திறங்கினர். சீகன்பால்கு தமிழ் கற்ற விதம் கேட்பதற்கு இனிது. முதிய உபாத்தியாயர் ஒருவரைப் பள்ளிப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகினார். குருவாக வந்தவர் முதலில் குழந்தைகளோடு மாணாக்கராயினார். இம்மனிதர் 1707-இலேயே பள்ளி தொடங்கினார். பெண் குழந்தைகளுக்கும் அதில் இடமளித்தார். பெண்ணுக்கு எழுத்தெதற்கு என்று நம் நாட்டில் இருநூறாண்டுகள் பின்னரும் வழக்காடிய கூட்டத்தை நினைக்கையில், இச்செயலின் அருமை விளங்கும். லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தையும் அவரே தமிழாக்கினார்.

ஆனால் அப்பள்ளியின் பிள்ளைகள் பலர் மிஷன் வளவிலேயே உண்டு உறங்கி வளர்ந்தவர்கள். ஏழைகளுக்குச் சோறும் துணியும் கிடைத்தன என்பது மெய். அதனோடு, வீட்டுக் காற்று படாமல் வளர்த்தால்தான் பயிர் தேறும் என்னும் எண்ணமும் கலந்திருந்தது. அவ்வெண்ணத்தின் ஊற்று ஜெர்மனி தேசத்து ஹாலே நகரம். அங்கே அகஸ்டு ஹெர்மன் பிராங்கே என்னும் போதகர் 1698-இல் அடிக்கல் நாட்டிய அனாதைச் சாலை ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றது. பிள்ளையின் சுயசித்தத்தை முறிப்பதே பக்தி வளர்ப்பின் முதற்படி என்பது பிராங்கேயின் கோட்பாடு. நேரப்படி எழுதல், நேரப்படி ஜெபம், இடைவிடாத மேற்பார்வை; வீண் விளையாட்டுக்கு இடம் அரிது. முறித்தல் என்னும் அச்சொல்லை நாம் படித்தபோது, பால்மரத்துக் காலத்துப் பெரட்டுக்களம்தான் நினைவுக்கு வந்தது. விடியுமுன் வரிசை, பேர் கூப்பாடு, வாய் திறவாமை! துரைமார் ஹாலேயில் கற்றார்களில்லை. என்றாலும் முறிக்கும் கலைக்குப் பள்ளிகள் பல.

இங்கே ஒரு முரணைக் காட்டவேண்டும். எந்த லுத்தரின் நூலைச் சீகன்பால்கு தமிழாக்கினாரோ, அந்த நூல் விடுதிக்கென்று எழுதப்பட்டதன்று. 1528-இல் லுத்தர் சாக்ஸனி நாட்டுச் சபைகளைப் பார்வையிட்டார். குடியானவர் ஒன்றுமறியாதிருக்கக் கண்டு மனம் நொந்தார். 1529-இல் அச்சிறு நூலை வெளியிட்டார். அதன் ஒவ்வொரு பகுதித் தலைப்பிலும், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாய்ச் சொல்லிக்கொடுக்கும் முறையில் எழுதப்பட்டது என்னும் கருத்தே காணப்படும். அதாவது, வீடே கோவில். தகப்பனே அதன் குரு. அப்படிப்பட்ட நூல் தமிழகத்துக்கு வந்தபோதோ, தகப்பன் வெளியே நிற்க, மிஷன் விடுதி தகப்பனாயிற்று. நூலை மொழிபெயர்த்தவர்கள் வீட்டை மொழிபெயர்க்கவில்லை.

அன்றியும், விடுதியிலும் கோவிலிலும் கற்ற பாடத்துக்கும் கண்ட காட்சிக்கும் பொருத்தமில்லாமற் போயிற்று. எல்லாரும் ஒரே பரமபிதாவின் பிள்ளைகள் என்று வாயால் ஒப்பித்த சிறுவன், 1718-இல் தரங்கம்பாடியில் கட்டி முடிந்த புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிக்கொரு புறமாக மக்கள் பிரிந்தமர்ந்ததைக் கண்டான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இதற்குத் துயரமான சான்று. 1774-இல் பிறந்த அவரைப் பன்னிரண்டு வயதளவில் சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்துவந்து மகன்போல் வளர்த்தார். சரபோஜி மன்னரும் அதே சுவார்ட்ஸிடம் கற்றவர், இருவரும் நண்பர். தமிழ்க் கிறிஸ்தவப் பாடல்களுக்கு அவர்போல் வாழ்வளித்தார் வேறொருவரில்லை. அத்தகைய புலவரே, இளம் மிஷனரிமார் சாதி வேற்றுமையை ஒழிக்க முற்பட்டபோது பழைய வழக்கத்தின் பக்கம் நின்று எதிர்த்தெழுதினார். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபையிற் சாதி கூடாதென்று ஆணை பிறப்பிக்க, தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளக் குடும்பங்கள் பல சபையை விட்டே வெளியேறின. அந்த ஞாயிறுகளில் தகப்பன் கைபிடித்து வெளியேறிய சிறுவர் என்ன கற்றிருப்பர்? தேவ அதிகாரத்துக்கு மேலும் ஓரதிகாரம் நம் வீட்டில் உண்டு. அதன் பெயர் சாதி என்பதையே கற்றிருப்பர். அப்பாடம் கப்பலேறி இந்நாட்டுத் தோட்ட லயங்களுக்கும் வந்து சேர்ந்தது.

யாழ்ப்பாணத்துக் கதையோ வேறு வகை. அமெரிக்க மிஷனரிமார் 1816-இல் அங்கே நிலைகொண்டு, 1823-இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்குச் செமினரியும், 1824-இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளியும் நிறுவினர். உடுவிற் பெண்களுக்கு மிஷனே சீதனப் பணமும் கொடுத்து மணம் முடித்துவைத்தது. தூரதேசத்தில் பணமனுப்பிய உபகாரிகளின் பெயர்கள் நம் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. பெயரிடும் உரிமையும் கன்னிகாதான உரிமையும் தகப்பனுக்கு இல்லையாயின், அவனிடம் எஞ்சியதென்ன? ஆனால் அங்கே கிடைத்த கல்வி உயர்ந்தது என்பதையும் நடுநிலையோடு சொல்லவேண்டும்.

இதற்கு மறுமொழி சொன்னவர் ஆறுமுக நாவலர். 1822-இல் பிறந்த அவர், வெஸ்லியன் மிஷன் பள்ளியிலே கற்று, அங்கேயே கற்பித்து, பார்சிவல் பாதிரியாருக்குத் துணையாய் விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்பிலும் உழைத்தார். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது, மிஷன் பள்ளியில் கண்ட கருவிகளையே கையாண்டார். வகுப்புக்கு வகுப்பு பாலபாடம். சமயத்துக்குச் ‘சைவ வினாவிடை’. அச்சுக்குத் தமக்கெனவே யந்திரசாலை. சைவப் பிள்ளைகளும் வினாவிடை முறையிலே சமயம் கற்கலாயினர். கொச்சியில் 1579-இல் நாட்டிய நாற்று, மூன்று நூற்றாண்டு கழித்து வேறொரு வயலிலும் கதிர் விட்டது. பிரிக்பீல்ட்ஸிலே, நம் கோவிலுக்குச் சிறிது தொலைவில், இலங்கைச் சைவர் கட்டிய கந்தசுவாமி கோவில் இருக்கிறது. அங்கும் பெரியவர்கள் இக்காலத்துப் பிள்ளைகள் அடங்குவதில்லை என்று வருந்துவதாகவே கேள்வி!

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை விட்டுச் செல்ல மனம் வரவில்லை. கத்தோலிக்கராகிய அவர் 1859-இல் ‘நீதிநூல்’ இயற்றினார். 1869-இல் பெண்கல்வியை வற்புறுத்திப் ‘பெண்மதி மாலை’ செய்தார். 1879-இல் தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியிட்டார். முன்சீபாய் இருந்தவர், பிறர் குற்றத்தைத் தீர்ப்பிடும் தொழிலுடையவர். ஆயினும் பிள்ளையைத் திருத்தத் தண்டத்தைக் காட்டிலும் கற்ற தாயையே அவர் நம்பினார். அவர் நூல்களை எச்சமயத்து வீட்டிலும் வைத்துப் படிக்கலாம். விடுதியிற் கிடைக்காததை அவர் வீட்டுக்குள்ளேயே தேடினார் என்று நாம் எண்ணுகிறோம்.

இனி மலையாவுக்கு வருவோம். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் இருப்புப்பாதை 1886-இல் திறக்கப்பட்டது. செங்கற் சூளைகளாற் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர் குடியிருப்பாயிற்று. மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தாரும் தமிழகத்தாரும் எழுத்தர்களாயும் நிலைய அதிகாரிகளாயும் வந்தனர். 1897-இல் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி தோன்றியது. தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் சபையார் 1924-இல் சீயோன் ஆலயத்தைக் கட்டினர். கத்தோலிக்கருக்குக் கிள்ளானில் 1928-இல் லூர்து மாதா ஆலயம் எழுந்தது. இந்நாட்டில்தான், பாட்டன் பாட்டியில்லாத சிறு குவார்ட்டர்ஸ் வீடுகளில், லுத்தர் கனவு கண்ட குடும்பத் தலைவன் மெய்யாகவே தோன்றினான். விடுதியில் வளர்ந்தவனின் மகன் வீட்டில் வளர்ந்தான். மாலை விளக்கேற்றியதும் பாய் விரித்து, தகப்பன் வேதம் வாசிக்க, தாய் பாட்டெடுக்க, பிள்ளைகள் முழங்காலிற் கொட்டாவி விட்டனர். நாமும் அப்படிக் கொட்டாவி விட்டவர்களே.

மெதடிஸ்ட் வீடுகளில் சூசன்னா வெஸ்லி அம்மையாரின் பெயர் அடிக்கடி அடிபடும். ஜான் வெஸ்லியின் தாய். பத்தொன்பது மக்களைப் பெற்று, அவர்களிற் பலரைச் சிசுப் பருவத்திலேயே புதைத்தவர். 1732-இல் மகனுக்கு எழுதிய கடிதத்தில், பிள்ளையின் சித்தத்தை வெல்வதே எல்லாவற்றுக்கும் அடிப்படை என்றார். ஓராண்டு நிரம்புமுன்பே மெல்ல அழப் பழக்கியதையும் எழுதியிருக்கிறார். பிரசங்கிமார் எடுத்துக்காட்டுவது இப்பகுதியையே. அதே அம்மையார் கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலையை ஒதுக்கித் தனியே அமர்ந்து உரையாடினார் என்பதையோ பலர் சொல்வதில்லை. ஜானுக்கு வியாழக்கிழமை. நன்றாய் வளர்ந்த பின்னும் ஜான் அந்த வியாழன் மாலைகளை நினைந்து ஏங்கினார். தண்டித்த நாட்களுக்கு ஏங்கியதாக நாம் எங்கும் படிக்கவில்லை.

தோட்டத்துக் கதை இவற்றினும் கசப்பானது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்திலே பள்ளி வைக்கவேண்டும் என்றது. பள்ளியென்று பெயர், பல இடங்களில் கங்காணியோ கிராணியோ ஓய்ந்த வேளையில் வாத்தியாராய் அமர்ந்தார். அப்பிள்ளைகளின் மெய்யான பாடசாலை பெரட்டுக்களமே. லுத்தர் தம் உபதேசத்தில், பெற்றோரைக் கனம்பண்ணும் கற்பனைக்கு விளக்கம் எழுதுகையில் எஜமானரையும் அவர்களோடு சேர்த்தார். ஜெர்மானிய நாட்டில் அது எவ்வாறு பொருள்பட்டதோ! இங்கே அதன் பொருள் யாதெனின், தகப்பனுக்கும் தேவனுக்கும் நடுவிலே துரை வந்து நாற்காலி போட்டமர்ந்தார் என்பதே. வீட்டில் தெய்வத்தின் பிரதிநிதியாய் நின்ற தகப்பன், செம்மண் சாலையில் துரை வரக்கண்டால் சைக்கிளை விட்டிறங்கித் தலைகுனிந்து நிற்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தை இவ்விடத்திலேதான் நினைக்கவேண்டும். கூலி உயர்வு ஒன்றே அவர்கள் கேட்டதாக எண்ணுவது பிழை. துரைமார் முன்னும் உத்தியோகஸ்தர் முன்னும் சைக்கிளை விட்டிறங்க மாட்டோம் என்பதும், எம் பிள்ளைகளுக்கு முறையான பள்ளி வேண்டும் என்பதும், எம் பெண்களுக்கு மானக்கேடு செய்யலாகாது என்பதும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அக்கோரிக்கைகளில் அடங்கியிருந்தன. தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் பத்திரிகைத் தொழிலில் இருந்தவர், அவரைப் பிடித்து நாடு கடத்தினர், துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இப்பட்டியலைச் சமய நூலாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் இதனைப் பிள்ளை வளர்ப்பு நூலாகப் படிக்கலாம் என்பது நம் துணிபு. பிள்ளை கண்முன் நிமிர்ந்து நிற்கும் உரிமையைத் தகப்பன்மார் கேட்டார்கள். ‘உத்தியோகஸ்தர்’ என்ற சொல்லில் அன்றைய கிராணிமாரும் அடக்கம். நம் தொழிலின் முன்னோர் முன்பும் மனிதர் சைக்கிளை விட்டிறங்கினர் என்பதை எழுதும்போது கை கூசுகிறது. எழுதாதிருத்தல் அதனினும் கூச்சம்.

நம் வீட்டுச் செய்தி ஒன்றுண்டு. சென்ற ஆண்டு ஒரு நாள் ஆபீஸிலே, நாம் செய்யாத கணக்குப் பிழைக்காகப் பலர் முன்னிலையில் மேலாளரிடம் வசை கேட்டோம். வாய் திறக்கவில்லை. அன்றிரவு வீடு வந்தபோது, ஒன்பது வயது மகள் ஜெப வேளைக்கு வராமல் விளையாடிக்கொண்டிருந்தாள். பிரம்பை எடுத்தோம். ஐந்தாம் கற்பனையை மீறினாய் என்று சொல்லி இரண்டு அடி அடித்தோம். நமது மெதடிஸ்ட் கணக்கில் தாய் தந்தையரைக் கனம்பண்ணுதல் ஐந்தாவது.

பெற்றோர்க்கு அடங்குமாறு பிள்ளைகளுக்குச் சொன்ன பவுல் அப்போஸ்தலர், அதே மூச்சில், பிள்ளைகள் மனம் கசந்துபோகும்படி நடக்கவேண்டா என்று தகப்பன்மாருக்கும் சொன்னார் என்பதை நாம் அறியாதவரல்லர். நூற்றுக்கணக்கான பிரசங்கங்களில் முதற்பாதியையே கேட்டு வந்த பழக்கம் நமக்கு. மலேசியா 1995-இல் ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமை உடன்படிக்கையில் சேர்ந்ததும், 2001-இல் சிறுவர் சட்டம் இயற்றியதும் நாம் படித்தவையே. ஆனால் ஆபீஸிலிருந்து தூக்கிவந்த கோபத்துக்கு, வழியில் எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. ஆபீஸில் நாம் துரைக்கு முன் சைக்கிளை விட்டிறங்கினோம். வீட்டில் மகளை இறக்கினோம்.

நம் இல்லாள் லுத்தரன் குடும்பத்தவள். சில வாரம் கழித்து, அவள் தாய்வீட்டாரோடு மகள் அவர்கள் சபையின் ஞாயிறு வகுப்புக்குப் போயிருந்தாள். லுத்தரனும் கத்தோலிக்கரும் பத்துக் கற்பனைகளை எண்ணும் முறை வேறு. பெற்றோரைப் பற்றியது அவர்களுக்கு நான்காவது. கொலை செய்தலாகாது என்பதே ஐந்தாவது. வகுப்பு முடிந்து ஸ்டேஷனில் இரயிலுக்குக் காத்திருக்கையில் அவள் நம்மிடம் வந்து, “அப்பா, அன்றைக்கு நான் ஐந்தாம் கற்பனையை மீறினேன் என்று அடித்தீர்களே, நான் யாரையும் கொல்லவில்லையே” என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை, பல நாள் எண்ணிப் பார்த்தே கேட்டதுபோல் முகம் இருந்தது.

இரண்டு கணக்குகளையும் விளக்கிச் சொன்னோம். நம் இல்லாள் சிரித்தாள். பின்பு, லுத்தரின் விளக்கப்படி ஐந்தாம் கற்பனை கொலையோடு நின்றுவிடுவதில்லை என்றும், அயலான் உடலுக்கு நோவு செய்யாதிருத்தலும் அதில் அடங்கும் என்றும் மெல்லச் சொன்னாள். மகள் அதைக் கேட்டு, “நான் அப்பாவுக்கு அயலானா?” என்றாள். அதற்குள் சாலாக் செலாத்தான் வழிச் செல்லும் இரயில் வந்துவிட்டது.